ஆறு செம்புத் தகடுகளும் ஒரு நீல டிரம்மும்

செம்பைப் பச்சையாக்குவது எளிது. பச்சையாகாமல் காப்பதுதான் பெரும்பாடு. அதற்காகத்தான் வீட்டுக்கு வீடு புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு பெண்கள் வாரா வாரம் தேய்க்கிறார்கள். அந்தப் பச்சைக் களிம்பை வைத்தே பிழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது வயது முப்பத்தாறு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன், ஒரு காது பாதி மந்தமாகும் வரை விசைத்தறியில் நின்றேன். எந்த வேலையிலும் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. உக்கடம் பேருந்து நிலையத்தில் படுத்த நாட்களும் உண்டு. கொசு அதிகம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு பழைய இரும்புக் கடையில் செம்பையும் பித்தளையையும் பிரித்துப் போடும் வேலை. மழையில் கிடந்த ஒரு செம்புத் தகடு மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. முதலாளி அதை எடை போட்டு மூலையில் எறியச் சொன்னார். நான் எறியவில்லை, கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுபோனேன். செல்போனில் வீடியோ பார்த்து அந்த நிறத்தை நானே வரவழைக்கத் தொடங்கினேன்.

பிரியாணி வாங்கும் பிளாஸ்டிக் வாளிதான் என் பட்டறை. அடியில் ஒரு கிண்ணம் அம்மோனியா, அதற்கு மேல் உப்புத் தண்ணீர் தெளித்த தகடு. மூடியை அழுத்தி மூடிவிட்டால் மறுநாள் நீலம் ஏறியிருக்கும். மரத்தூளில் வினிகரும் உப்பும் பிசைந்து அதில் புதைத்தால் புள்ளி புள்ளியாகப் பச்சை. அவித்த முட்டையை உடைத்துத் தகட்டோடு டப்பாவில் அடைத்தால் செம்பு காப்பி நிறமாகும். அந்த முட்டையைப் பிறகு சாப்பிடக் கூடாது. ஒருமுறை சாப்பிட்டேன், பசி.

கீழ்வீட்டில் என் வீட்டுக்காரர், பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பாய். மாடிப்படியில் இறங்கி வந்த வாசத்தைத் தேடிக்கொண்டு ஒருநாள் மேலே வந்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தகடுகளைப் பார்த்தார்.

"ஊரே களிம்பை எடுக்கச் சொல்லி எங்கிட்ட வருது. நீ களிம்பை ஏத்தி விக்கப் போறியா? நல்லா வருவே போ."

அதற்குப் பிறகு வாளியை மொட்டை மாடியில் வைக்கச் சொன்னார். வாடகையை ஏற்றவில்லை.

தொண்டாமுத்தூரில் தோட்டத்துக்குள் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், பழைய கதவுக் கைப்பிடி தேடி எங்கள் கடைக்கு வந்தார். கல்லாவோரம் நான் சாய்த்து வைத்திருந்த என் தகடு ஒன்றைப் பார்த்ததும் கைப்பிடியை மறந்துவிட்டார். நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவருக்கு, இரண்டடிக்கு ஓரடி அளவில் ஆறு தகடுகள் கேட்டார். கணவர் வீட்டில் யாருக்கும் அதில் விருப்பமில்லை. புது வீட்டு வாசலில் களிம்பா என்று கேட்டார்களாம். அவரும் விடாமல், பால் காய்ச்சுகிற அன்றைக்குப் பாருங்கள், நாலு பேர் முகம் சுளித்தால் நானே கழற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதை ஒளிக்காமல் சொன்னார். தகடுகள் சுவரில் நின்றுவிட்டால், அந்த வீட்டைக் கட்டிய இன்ஜினியர் இன்னும் இரண்டு வீடுகளுக்கு என்னைக் கூப்பிடுவார். அந்த நம்பிக்கையில் இரும்புக் கடை வேலையை விட்டுவிட்டேன். முதலாளி ஆச்சரியப்படவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். சனிக்கிழமையே தகடுகளைத் திருகாணி போட்டு மாட்டிவிட்டேன். நல்ல நீலப் பச்சை. ஒருநாள் காயவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மெழுகு தேய்த்தால் நிறம் அப்படியே நின்றுவிடும்.

ஞாயிறு காலை மெழுகு டப்பாவோடு பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால், சுவரில் ஆறு தகடுகளும் புதுக் குடம் மாதிரி பளபளத்தன. என் முகமே ஆறு முறை தெரிந்தது.

வீட்டுக்காரப் பெண் ஒரு ஓரத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. அவருடைய கணவரின் அக்கா முந்தின நாள் மாலையே வந்துவிட்டாராம். விசேஷத்துக்கு முன்னால் வீட்டுச் செம்பு பித்தளை எல்லாவற்றையும் விளக்கி வைப்பது வழக்கம். குத்துவிளக்கு, குடம், சொம்பு என்று விளக்கி முடித்தவர், அதே கையோடு ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரையும் விளக்கிவிட்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வலது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏனுங் தம்பி, நீங்கதான் இதை மாட்டுனவரா? ஒரே களிம்புங்க. அரைக் கிலோ புளி ஆச்சு. நாளைக்கு அத்தனை சனம் வருது, வாசல்லயே இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"அண்ணி, அந்தப் பச்சைக்குத்தான் அவரைக் கூப்பிட்டதே" என்றார் வீட்டுக்காரப் பெண்.

அக்கா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டுமென்று செய்ததில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. இதற்கு ஒருவன் உழைத்திருக்கிறான் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

மறுபடி நிறம் ஏற்ற அம்மோனியா வேண்டும், அறையில் இருந்த பாட்டிலும் காலி. ஞாயிற்றுக்கிழமை, கெமிக்கல் கடை திறக்காது. அதைச் சொன்னேன். அது எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டார். தண்ணீர் மாதிரிதான் இருக்கும், மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வரும், மூக்கைப் பிடித்துத் தள்ளும் என்றேன்.

"அதுக்கு எதுக்குங்க கடை? கட்டுத்தரைக்கு வாங்க."

மாடு கட்டும் கொட்டகையின் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. தென்னைக்குப் பஞ்சகவ்யம் கலக்கப் பிடித்து வைத்த கோமியம், இருபது நாளுக்கு மேல் வெயிலில் நின்றது. அக்கா மூடியை ஒரு விரல் அளவு தூக்கினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். என் பாட்டில் அம்மோனியா அதற்கு முன்னால் பன்னீர்.

ஆறு தகடுகளையும் கழற்றிக் கொண்டுவந்தோம். சுத்தம் செய்ய வேண்டிய வேலையே இல்லை. எமரித் தாளால் நான் அரைநாள் தேய்த்தாலும் அந்தச் சுத்தம் வராது. உப்புத் தண்ணீர் தெளித்து, டிரம்மின் வாய்க்குக் குறுக்கே இரண்டு கம்புகள் வைத்து, தகடுகளைக் கோமியத்தில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டேன். மேலே மூடி, மூடிக்கு மேல் ஈரச் சாக்கு, சாக்குக்கு மேல் ஆட்டுக்கல். கல்லை உருட்டி வந்தது அக்காதான். சாயங்காலம் வரை அவர் நாலு முறை வந்து, திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். நான் விடவில்லை. வீட்டுக்காரப் பெண் ஒருமுறைகூட அந்தப் பக்கம் வரவில்லை. என்ன ஆனாலும் காலையில் மாட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குத் திறந்தோம். நீலம் இல்லை. பாசி மாதிரி அடர்ந்த பச்சை, கீழ் ஓரங்களில் கருமை. இரண்டு தகடுகளில் அக்கா புளி தேய்த்த வட்டங்கள் வெளிர்ப் பச்சையில் தனியாகத் தெரிந்தன. என் வாளியில் இப்படி வந்திருந்தால் தோற்றது என்று ஓரம் கட்டியிருப்பேன். ஈரத்தை ஒற்றியெடுத்து எட்டு மணிக்குள் மாட்டினேன். வீட்டுக்காரப் பெண் பட்டுப் புடவையோடு வந்து நின்று பார்த்தார்.

"நான் கேட்டது நீலமுங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.

அதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. கன்றோடு பசுவைக் கூட்டி வந்தார்கள். வீடெல்லாம் கோமியம் தெளித்ததால் என் தகடுகளின் வாசத்தை யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. நான் தூணோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெரியவர் ஒருவர் சுவரருகே போய் விரலால் சுரண்டப் பார்த்தார். அக்கா பந்தியிலிருந்தே எழுந்து வந்துவிட்டார்.

"தொடாதீங்க மாமா. அது களிம்பு இல்லீங்க, வேலை. நேத்துப் பூராவும் நானும் நின்னு பண்ணினது."

என்ன வேலை என்று மாமா கேட்டார். அக்கா டிரம்மிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நம்ம மாட்டுக் கோமியத்திலா என்று கேட்டு, திரும்ப ஒருமுறை பார்த்தார்கள். முகம் சுளித்தவர் ஒருவர் இருந்தார், அவருக்குச் சாப்பாடும் பிடிக்கவில்லை. இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாசம் எத்தனை நாளில் போகும் என்று கேட்டார். மெழுகு தேய்த்தால் மூன்று நாள் என்றேன். அடுத்த வீட்டுக்குக் கடை அம்மோனியாவே போதும், புதன்கிழமை வந்து அளவெடுங்கள் என்றார்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. நான் திருகாணி கழற்றும் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரப் பெண்ணிடம் போய், கழற்றவா என்று கேட்டேன். அவர் சுவரை இன்னொரு முறை பார்த்தார்.

"இருக்கட்டுமுங்க. மெழுகைப் போட்டுட்டுப் போங்க."

வெள்ளைத் துணியில் மெழுகைத் தொட்டு ஆறு தகடுகளையும் தேய்த்தேன். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். இனிமேல் இதை விளக்கவே கூடாதா என்று கேட்டார். ஆயுசுக்கும் கூடாது என்றேன்.

"அப்படீன்னா என்ற ஊட்டுக்கும் நாலு போட்டுக் குடுங்க" என்றார். "கையி மிச்சமாவும்."