பத்துக் கிலோ அரிசியோடு ஒரு பயணி

இரண்டாயிரத்து ஐந்தில், ரொக்ஸ்பரோ புறநகரிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் ஒரு தமிழ் அக்காவைக் காண்பேன். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, முதுகில் பெரிய பை. இருக்கை காலியாக இருந்தாலும் பையைக் கழற்றாமல் நின்றுகொண்டே வருவார்.

"உள்ளுக்கை என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பத்துக் கிலோ அரிசி. ஜூனிலை ரொக்கி மலையிலை நாலு நாள் நடக்கப்போறன். சுமந்து பழகவேணும்."

"அங்கை அப்பவும் பனி கிடக்குமே?"

"ஓம். இஞ்சை பனியை வழிச்சே களைச்சுப்போனன். ஒருக்கா ஆசைக்கு அதிலை நடக்கவேணும்."

ஜூலையில் வெயிலில் முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து வந்தார். கடக்கவேண்டிய கணவாய்க்குக் கீழே பனி இளகி, கால்கள் இடுப்பளவு புதைந்ததால் திரும்பிவிட்டாராம்.

"கவலையில்லையோ?"

"என்னத்துக்கு? பாதி வழி தெரிஞ்சிட்டுது. வாற வருஷமும் போறன்."

பிறகு எனக்கு வேலை மாறியது; அவரைக் காணவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும், அவர் அந்தக் கணவாயைக் கடந்திருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.