ஷாப்ட்டை ஆட்டிக் காட்டியவர்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு என் பழைய வேனில் ஆள் ஏற்றுகிறேன். தினமும் வருவார் ஒருவர். கம்பெனிச் சட்டை, நரைத்த மீசை. ஏறியதும் ஷூவைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். பெயர் தெரியாது.

வண்டி கிளம்பும்போது 'டங்' என்று அடித்தது. வேகமெடுத்தால் தரையே அதிர்ந்தது. ஒருநாள் நிறுத்தச் சொல்லி, அவரே அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்ட்டை ஆட்டினார். ஜாயின்ட் லொடலொடத்தது.

"ஒர்க்‌ஷாப்புல டயருதான் கோளாறுன்னாங்கண்ணா."

"இன்னா டயரு? இது கயண்டுச்சுன்னா வண்டியே கவுந்துடும். பத்து பேரை ஏத்திகினு ஓட்டுறியே, மன்சனா நீ?"

அங்கேயே இறங்கிக்கொண்டார். ஜாயின்ட் மாற்றிவிட்டு, ஸ்டாப்பில் நின்றவரிடம் அதைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"நான் சொல்லாட்டி மாத்திருப்பியா?"

ஏறவில்லை. இன்றும் ஷேர் ஆட்டோவுக்குத்தான் நிற்கிறார். வழியெல்லாம் ஹாரன் அடித்து ஆள் கூப்பிடுகிறேன். அவரைத் தாண்டும்போது மட்டும் கை போவதில்லை.