அபாயச் சங்கும் பதினோரு மணி டீயும்

ஊரில் எல்லோரும் அவரைச் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நகராட்சி அலுவலகத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற அபாயச் சங்கை ஊதுவது அவர் வேலை. ஊதுவது என்றால் வாயால் இல்லை. சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். "நாட்டையே காப்பாத்துற பட்டன் என் கையில இருக்கு. ஆனா வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போடணும்னா உங்க அண்ணிகிட்டப் பர்மிஷன் கேட்கணும்" என்று அவரே சொல்லி, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவார்.

வீட்டில் மூன்றே பேர். அவர், முழங்கால் வலியோடு மல்லுக்கட்டும் மனைவி, ஏசி மெக்கானிக்காக இருக்கிற ஒரே மகன். இந்த மூன்று பேரும் ராத்திரி ஒரே கூரைக்குக் கீழே படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை கிடையாது. பதவி உயர்வு வந்தபோதுகூட, வெளியூர் என்றதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்.

தலைவர் டிவியில் மேஜையைத் தட்டிப் பக்கத்து நாட்டைத் திட்டினால், இந்த ஊரில் சங்கு ஒத்திகை தொடங்கிவிடும். புதன்கிழமை காலை பதினோரு மணி. சங்கு ஏறி இறங்கி அலறினால் எல்லோரும் அலுவலகத்துக்கு அடியில் இருக்கிற பதுங்கு அறைக்குள் ஓட வேண்டும். ஆரம்பத்தில் ஜனங்கள் நிஜமாகவே ஓடினார்கள். நம்மவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பட்டனை அமுக்கினார். பிறகு ஒரு சண்டை வந்தது, போனது. இன்னொன்றும் வந்தது. போன பிள்ளைகளில் சிலர் திரும்பினார்கள், சிலர் பெட்டியில் திரும்பினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் ஒரு கோடுகூட நகரவில்லை. விலைவாசி மட்டும் நன்றாக நகர்ந்தது. தலைவர் மறுபடி மேஜையைத் தட்டினார். மேஜைதான் பாவம்.

ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. கோபமாக ஊர்வலம் போகிற அலுப்பு இல்லை. கொட்டாவி விடுகிற அலுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக அபாயச் சங்கு இந்த ஊரின் டீ மணியாகிவிட்டது. சங்கு அலறியதும் தையல்காரர் மெஷினை நிறுத்துவார், முடிவெட்டுகிறவர் கத்தரியைக் கீழே வைப்பார், எல்லோரும் தெருவுக்கு வந்து டீக்கடையைச் சூழ்ந்து நிற்பார்கள். மற்ற நேரத்தில் காலியாகக் கிடக்கிற தெரு, அபாயம் என்றதும் நிரம்பி வழியும். நம்மவரும் பட்டனை விட்டதும் இறங்கி வந்து, "எனக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மியா" என்பார். பதுங்கு அறையில் நகராட்சியின் உடைந்த நாற்காலிகள்தான் பத்திரமாகப் பதுங்கியிருந்தன.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒருநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"சங்கு, தலைநகரத்துல இருந்து ஒத்திகை அதிகாரி வர்றாங்க. சங்கு ஊதினா ஜனங்க ஒழுங்கா ஓடுறாங்களான்னு பார்க்கப் போறாங்களாம். ஓடலைன்னா ஊதுற ஆளை எல்லைக்கு மாத்திடுவாங்க."

"சார், ஓடாதது அவங்க. என்னை ஏன் சார் மாத்தணும்?"

"ஊரையா மாத்த முடியும்? உன்னைத்தான் மாத்த முடியும்."

எல்லை என்றால் ஒரு பகல் ஒரு ராத்திரி பஸ்ஸில் போக வேண்டும். முழங்கால் வலிக்காரியை அங்கே கூட்டிப் போக முடியாது, மகன் வேலையை விட முடியாது. அன்று மாலையே கடை கடையாக ஏறினார்.

"அண்ணே, பாதித் தலை வெட்டினவரை எப்படிண்ணே ஓடச் சொல்றது?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"பாதித் தலையோடயே ஓடச் சொல்லுப்பா. என் குடும்பத்தைக் காப்பாத்தின புண்ணியம் உங்களுக்கு."

"நாட்டுக்காக ஓடச் சொன்னா எனக்கு மூட்டு வலிக்கும்" என்றார் தையல்காரர். "உங்களுக்காகன்னா சரி, ஓடிடலாம்."

இஸ்திரிக் கடை அக்கா மட்டும் கையிலிருந்த சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தாள். அவள் கணவர் முதல் சண்டையில் போனவர். பிறகு, "சரி தம்பி, ஓடுறேன். கரி அணையாம பார்த்துக்க ஒரு ஆளை மட்டும் நிறுத்திடு" என்றாள். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனைவியிடம் போய்ப் பீற்றிக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது. அதிகாரி அம்மாள் வந்தார். கூடவே ஒரு டிவி கேமராவும் வந்தது. நம்மவர் பட்டனை அமுக்கினார்.

அடேயப்பா, என்ன ஓட்டம்! ஜனங்கள் அவர்மேல் வைத்த பிரியத்தை எல்லாம் காலில் காட்டினார்கள். தையல்காரர் கழுத்தில் டேப் பறக்க ஓடினார். முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் ஓடினார். பழக்கடைக்காரர் ஓடினால் மட்டும் போதாது என்று நினைத்தோ என்னவோ, முஷ்டியை உயர்த்தி, "விடமாட்டோம்!" என்று கத்தினார். யாரை விடமாட்டோம் என்று அவருக்கே தெரியாது. இஸ்திரிக் கடை அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசியாக ஓடி வந்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மேலேயிருந்து பார்த்த நம்மவர் பட்டனை விடக்கூட மறந்துபோனார்.

அன்று மாலை டீக்கடை டிவியில் அந்த ஓட்டம் வந்தது. எல்லோரும் தங்கள் முகத்தைத் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தலைவர் வந்தார். மேஜையைத் தட்டினார். "இந்த ஊரைப் பாருங்கள்! என் மக்கள் போருக்குத் துடிக்கிறார்கள்!" என்றார்.

கடையில் சிரிப்பு நின்றுபோனது. பழக்கடைக்காரர் உயர்த்திய முஷ்டி திரையில் அசையாமல் நின்றது. அவர் தன் கையையே ஏதோ அந்நியப் பொருளைப் போலப் பார்த்தார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். "பிரமாதம், சங்கு! அடுத்த புதன் ஒத்திகைக்கு அமைச்சரே நேர்ல வர்றார். இவ்வளவு துடிப்பான ஊர்லதான் முதல் ஆள்சேர்ப்பு முகாமாம். ஒத்திகை முடிஞ்ச கையோட இங்கேயே கையெழுத்துப் போடுறார். வயசுப் பசங்க எல்லாரும் போகணும். உன் பையனும் அதுல வருவான். பெருமைப்படுய்யா!"

நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வைத்துக்கொண்டவர் தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தான் எல்லைக்குப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, மகனை எல்லைக்கு அனுப்பப் போகிறது.

வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள். அந்தச் சத்தமே பேச்சாக இருந்தது. மகன்தான் பேசினான்.

"அன்னிக்கு எல்லாரையும் ஓடச் சொன்னீங்க. இப்ப என்னை மட்டும் ஓடச் சொல்றாங்க. விடுங்கப்பா, அங்கயும் ஏசி ரிப்பேர் ஆகாமலா இருக்கும்?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அப்பாவின் பிள்ளைதானே. ஆனால் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான். நம்மவர் சாப்பிடாமல் கை கழுவினார்.

மறுபடி அதே கடைகள், அதே படிகள். முடிவெட்டுகிறவர் நாற்காலியைக் காட்டினார், நம்மவர் உட்காராமல் நின்றார்.

"தம்பி, அன்னிக்கு ஓடச் சொன்னேன்ல..."

"ஆமாண்ணே."

"இந்தத் தடவை ஓடாதீங்கப்பா. எப்பவும் போல டீ குடிக்க வாங்க. கேட்கவே வெட்கமா இருக்கு. என்னைச் செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"அடிக்கலாம். ஆனா என் தங்கச்சி பையனும் அந்த வயசுதான்" என்றார் அவர். "ஓடலைன்னா உங்களை மாத்திடுவாங்களேண்ணே?"

"மாத்தட்டும். நான் பட்டனைத்தானே அமுக்கப் போறேன். என் பையன் கையில என்னத்தைக் கொடுப்பாங்களோ."

இஸ்திரிக் கடைக்குப் போனபோது அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் சொல்லி முடிக்கும் முன்பே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் கிளம்பினப்ப இந்தத் தெருவே நின்னு கை தட்டுச்சு, தம்பி. நானும் தட்டினேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், எந்திரிக்காம உட்கார்ந்திருந்தா அவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாரோன்னு இன்னும் தோணுது." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "புதன்கிழமை நான் உட்கார்றேன். நீ போ."

அந்தப் புதன்கிழமை அமைச்சர் கார்கள் சூழ வந்து இறங்கினார். கேமராக்களும் வந்தன. நம்மவர் மேலே ஏறினார். விரல் நடுங்கியது. தன்னைப் பார்த்தே, "நடுங்குறியா? நடுங்கு, நடுங்கு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" என்று திட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

சங்கு அலறியது. கடைக் கதவுகள் திறந்தன. முதலில் இஸ்திரிக் கடை அக்கா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே தையல்காரர், முடிவெட்டுகிறவர், பாதித் தலையோடு அவருடைய வாடிக்கையாளர். பழக்கடைக்காரர் இரண்டு கையையும் கவனமாகப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் கோஷம் போடவில்லை. யாரும் கோபமாகப் பார்க்கவும் இல்லை. டீக்கடைக்காரர் டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்ற ஆரம்பித்தார்.

ஓடினது ஒரே கூட்டம்தான். தலைநகரத்து ஆட்களுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாதே! அமைச்சரின் காவலர்கள் சங்கு சத்தத்தைக் கேட்டு, ஒத்திகையில் உள்ளே ஓட வேண்டிய ஜனங்கள் மொத்தமாக வெளியே வருவதையும் பார்த்து, நிஜமாகவே ஏதோ நடந்துவிட்டது என்று பதறி, அமைச்சரை இரண்டு தோளிலும் பிடித்து அலாக்காகத் தூக்கிப் பதுங்கு அறைக்குள் கொண்டுபோய்த் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே உடைந்த நாற்காலிகள் சரிகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நம்மவர் மேலேயிருந்து இறங்கி வந்தார். கூட்டம் வழி விட்டது. அக்கா தன் ஸ்டூலில் பாதி இடம் கொடுத்தாள். உட்கார்ந்து, "எனக்கு ஒரு டீ" என்றார். "இன்னிக்குச் சர்க்கரை நிறைய."

தலையில் ஒட்டடையோடு அமைச்சர் வெளியே வந்ததும், எதிரே ஊர் அமைதியாக டீ குடித்ததும் அன்று மாலை டிவியில் ஓடியது. மறுநாள் வேறு சேனல்களிலும் ஓடியது. நாடே சிரித்தது. சிரிக்க ஒரு சாக்குக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஆள்சேர்ப்பு முகாம் பற்றி அப்புறம் யாரும் மூச்சு விடவில்லை, இந்த ஊரிலும் சரி, வேறு ஊரிலும் சரி. தலைவர் கொஞ்ச நாள் மேஜைக்கு ஓய்வு கொடுத்தார்.

நம்மவருக்கு மாறுதல் உத்தரவு மட்டும் தவறாமல் வந்தது. பஸ் ஏற்றிவிட ஊரே வந்தது. மனைவி வலிக்கிற காலோடு நின்று, மாத்திரையை எங்கே வைத்திருக்கிறேன் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எல்லையைக் காக்கப் போறேன்டி" என்று மார்தட்டிப் பார்த்தார். "முதல்ல பர்ஸைக் காத்துக்கங்க" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எல்லை ஊரில் தொட்டி இன்னும் உயரம். படி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளியது. முதல் புதன்கிழமை பதினோரு மணிக்குப் பட்டனை அமுக்கிவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார். கடைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, மூலையில் இருக்கிற டீக்கடையைப் பார்த்து நடந்தார்கள். "நீங்களுமாடா!" என்று வாய்விட்டே சொன்னார்.

அப்போது போன் அடித்தது. மகன்.

"அப்பா, இங்க புது ஆள் ஊதுறார். உங்க அளவுக்கு இழுக்க வரல அவருக்கு."

"அது கிடக்கட்டும். நீ எங்க இருக்க?"

"வீட்டுலதான்பா. அம்மாவுக்குத் தைலம் தேய்ச்சு விட்டுட்டு இருக்கேன்."

"எங்க இருக்க?"

"வீட்டுலதான்னு சொன்னேனேப்பா, கேட்கலையா?"

நன்றாகவே கேட்டது. "இங்க ஒரே இரைச்சல்டா, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.