கேட்டுச் சொல்றேன்

கடந்த ஜூன் மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தங்கையின் கணவர் இரண்டு சட்டைகளை நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். எதை அணிவது என்று தம் கைப்பேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவிடம் கேட்டார். நீலம் என்ற விடையைப் பெற்று நீலத்தை அணிந்தார். பிறகு அதே இடத்தில் அமர்ந்தபடி, தம் மனைவி தம்மிடம் கேட்ட ஒரு கேள்வியையும் அதனிடமே ஒப்படைத்தார். முதற்செயலில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவதே என் குற்றச்சாட்டு.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பவர். கடையின் பின்பக்கம், கதவை மூடினால் பகலும் இருட்டாகிவிடும் சிறிய அறை அவருடையது. எதிர்ச்சுவரில் எழுத்துகள் வரிவரியாகச் சிறுத்துக்கொண்டே போகும். வந்தவரின் மூக்கில் கனத்த இரும்புச் சட்டகத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?” என்பார். குரலில் அவசரம் இராது. எவ்வளவு தடுமாறுகிறவராக இருந்தாலும், வந்தவர் தம் வாயால் சொல்லும்வரை அடுத்த வில்லையைத் தொடமாட்டார். பிறர் கண்ணாடிகளை மென்துணியால் துடைத்துக் கொடுப்பவர், தம்முடையதைச் சட்டை நுனியால் துடைத்துக்கொள்வார். அவருடைய உலகம் எப்போதும் சற்றுப் புகைமூட்டமாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

அந்த அறைக்கு வெளியே அவர் எதையும் தாமாகத் தேர்ந்தெடுத்து நான் பார்த்து நெடுநாளாகிறது. இன்று முடி வெட்டிக்கொள்ளலாமா, தலைவலிக்குத் தேநீரா காப்பியா, பக்கத்து வீட்டார் அனுப்பிய வாழ்த்துக்குப் பதிலாக ஒரு பூப்படம் போதுமா, இரண்டு அனுப்ப வேண்டுமா என எல்லாவற்றுக்கும் கை சட்டைப்பைக்குப் போய்விடும். “இருங்க, கேட்டுச் சொல்றேன்.” உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் அதுவே. “கேட்டுச்சொல்றேன் வந்துட்டாரா?” “கேட்டுச்சொல்றேன் சாப்பிடப் போயிருக்காரு.” அவருக்கும் இது தெரியும், கோபித்துக்கொள்வதில்லை. என் தங்கைக்குப் பொறுக்காதது வேறு. “பதினாலு வருஷமா என்னை ஏய், இந்தான்னு கூப்பிடுறாரு அண்ணா. அதுகிட்ட மட்டும் நீங்க, உங்கன்னு பேசிட்டு, கடைசியில நன்றி வேற.”

தங்கை மருத்துவமனையில் தாதி. இரவுப் பணி அவள் முதுகைத் தின்றுவிட்டது. வேலையை விடுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதா என்று பல மாதங்கள் தனக்குள் புழுங்கியவள், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாய்திறந்து கேட்டாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே பதிவு செய்கிறேன்.

“நான் வேலையை விடட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

“இரு, கேட்டுச் சொல்றேன்.”

“நான் உங்களத்தான் கேட்டேன்.”

“உனக்காகத்தானே கேக்குறேன்.”

விடை நீளமாக வந்தது. விடுவதால் விளையும் நன்மைகள், தீமைகள், முதுகுக்கான பயிற்சிகள், மாற்றுப் பணிகள். முடிவில், ‘இது உங்கள் தனிப்பட்ட முடிவு’ என்றிருந்தது. அவர் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். “எவ்ளோ அழகா சொல்லியிருக்கு பாரு” என்றும் சொன்னார். தங்கை ஒரு பையில் சில உடைகளைத் திணித்துக்கொண்டு வாசலில் நின்று, “நான் போறேன்” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் தெருமுனைக்குப் போகிறவர்கூட “வரேன்” என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் மொட்டையாகப் “போறேன்” என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்று பொருள். இந்தப் பொருள் அகராதியில் இல்லை; தேடிப் பார்த்தேன். தங்கையின் கணவருக்கு இது தெரியாததன்று. தெரிந்தும், அந்தச் சொல்லை அப்படியே தட்டச்சு செய்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

அவள் இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். இரவெல்லாம் பணி செய்துவிட்டு வந்து பகலில் உறங்க முயல்கிறாள். வாயிற்கதவு ஒலித்தால் போர்வைக்குள்ளிருந்து தலை எழும்பும். பால்காரர் என்று தெரிந்ததும் தாழும். “உன் வீட்டுக்காரரு வழி தெரியாம எங்கேயாவது நிக்கிறாரோ என்னவோ” என்பாள் என் மனைவி. “அதுகிட்ட வழி கேட்டுட்டு இருப்பாரு அண்ணி” என்பாள் தங்கை. இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வரவரச் சுருங்கி வருகிறது.

வந்து அழைத்துப்போகும்படி நான் அவருக்குச் செய்தி அனுப்பினேன். வந்த பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்: “மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அக்கறையைப் பெரிதும் பாராட்டுகிறேன். எனினும் இத்தருணத்தில் எங்கள் இருவருக்கும் இடையிலான எல்லைகளைத் தாங்கள் மதிப்பீர்கள் என நம்புகிறேன்.” பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என்னை மச்சான் என்று அழைத்தவருக்கு, ஒரே செய்தியில் நான் மைத்துனர் அவர்கள் ஆகிவிட்டேன். தங்கையிடம் காட்டினேன். “ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல அண்ணா. இது அவர் இல்ல” என்று திருப்பித் தந்துவிட்டாள்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். மனு எழுதும் முறையைப் பழைய புத்தகங்களிலிருந்து நானே கற்றேன். எனக்கு வந்த எந்தத் தாளையும் எறிந்ததில்லை. ஆயினும் இம்முறை மனுவை ஒத்திவைத்துவிட்டு, இடக்கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டு கடைக்கு நேரில் சென்றேன். கண் மங்குவதும் உண்மைதான்.

“வாங்க மச்சான்” என்றார். நேரில் அந்தச் சொல் மாறியிருக்கவில்லை. கண்களுக்குக் கீழே வீங்கியிருந்தது. கடையில் கண்ணை அளக்கும் இயந்திரம் உண்டு; அதில் தாடையை வைத்து உள்ளே பார்த்தால் போதும், பவர் வந்துவிடும். அதைப் பார்த்து முடித்த பிறகும், அறைக்கு அழைத்துப்போய் இரும்புச் சட்டகத்தை மாட்டினார்.

“இது தெளிவா... இல்ல, இதுவா?”

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாப்பிள்ளை. அதான் மெஷின்ல பவர் வந்துடுச்சே, அதையே போட்டுக் குடுங்க.”

“அது குத்துமதிப்பு மச்சான். பாக்கப்போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

“கண்ணுக்கு மட்டும்தானா இந்தச் சட்டம்?”

வில்லை அவர் விரல்களுக்கிடையில் நின்றுவிட்டது. இருட்டில் முகம் தெரியவில்லை. நானே தொடர்ந்தேன்.

“அவ வரேன்னு சொன்னாளா, போறேன்னு சொன்னாளா?”

“போறேன்னுதான்.”

“அதுக்கு அது என்ன சொல்லிச்சு?”

“மனசுல இருக்கறத வெளிப்படையா சொல்லியிருக்காங்க, நல்ல அறிகுறி, கொஞ்ச நாள் இடைவெளி குடுங்கன்னு.”

“உங்களுக்கு என்ன தோணிச்சு?”

“பின்னாடியே ஓடணும்னுதான் தோணிச்சு.”

“ஓட வேண்டியதுதானே?”

“என்னத்த ஓடுறது மச்சான்.” சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நாள் முழுக்க இதுவா அதுவான்னு கேட்டுக் கேட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனா மண்டையில ஒண்ணும் மிச்சமில்ல. விட்டுடுன்னு சொல்லி நாளைக்குக் கஷ்டம் வந்தா, நீங்கதானே சொன்னீங்கன்னு நிப்பா. விடாதன்னு சொல்லி அவ படுத்துட்டா, அதுக்கும் நான்தான். அது சொன்னா யாரைத் திட்டுவா? சொல்லுங்க.”

“திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் மாப்பிள்ளை உங்களக் கேட்டா.”

அவர் எழுந்து விளக்கைப் போட்டார். என் மூக்கிலிருந்து சட்டகத்தைக் கழற்றினார். சீட்டில் என் பவரை எழுதினார். நான் அதே சீட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். “விடட்டுமா, வேண்டாமா. ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நான் கொண்டுபோறேன்.”

பேனாவை எடுத்து, ‘வி’ என்று எழுதினார். அங்கேயே பேனா நின்றது. இடக்கை மெல்ல எழுந்து சட்டைப்பையின்மேல் போய் அழுந்தியது. கைப்பேசியை எடுக்கவில்லை, கையை எடுக்கவுமில்லை. வெளியிலிருந்து யாரோ, “சார், ஆள் வந்திருக்கு” என்றார்கள். அந்தக் குரலுக்காகவே காத்திருந்தவர்போலச் சீட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டு என் கோப்பில் இருக்கிறது. விட்டுவிடு என்றாலும் விடாதே என்றாலும் முதலெழுத்து அதுதான் என்பதால், அதை நான் இன்னும் தங்கையிடம் காட்டவில்லை. இக்கட்டுரையையும் சுருக்கித் தரச் சொல்லி அவர் அதனிடம் கொடுப்பார் என்பதை அறிவேன். ஆகவே, சுருக்கத்திலும் விடுபட்டுப்போகாதபடி என் கோரிக்கையைத் தனியே வைக்கிறேன்.

மீதி எழுத்துகளை அவர் தம் கைப்பட எழுதி, நேரில் கொண்டுவந்து தர வேண்டும். முகவரி அவருக்குத் தெரியும்.