பந்து கையை விட்ட பிறகு

திருப்போரூரிலிருந்து நெம்மேலி வரைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிற கிருபாகரன் யார் என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. கார்னர் கிருபா என்றால் தெரியும். கபடியில் இடது கார்னர். ரெய்டு வருகிறவனின் கணுக்காலில் அவன் கை விழுந்துவிட்டால், அதன் பிறகு அந்த ஆள் நடுக்கோட்டைப் பற்றி யோசிக்காமல் இருப்பதுதான் நல்லது. பிடித்துப் பாதியில் விடுகிறவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைக்கிற ஆட்டம் அது. கிருபாகரன் விட்டதே இல்லை.

அவனைத் தேடி அமெரிக்கன் ஃபுட்பால் வந்தது கொஞ்சம் வேடிக்கையான கதை. கடற்கரையோரம் நான்கு அணிகளை வைத்து ஒரு லீக் நடத்தப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். கபடிக்காரர்கள், ஜிம் பையன்கள், வலை இழுத்துத் தோள் திரண்ட மீனவ இளைஞர்கள் என்று நல்ல கூட்டம். தேர்வு செய்ய நின்றவர்கள் கிருபாகரனின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு தோளிலும் கேன் தூக்கிப் பழகிய உடம்பைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். மாதச் சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு என்றார்கள். லோடு ஆட்டோவை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, மாமல்லை மெரைன்ஸ் என்கிற அணியில் அவன் சேர்ந்தான்.

பயிற்சியாளர் சம்பத், அமெரிக்காவில் பல வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்து, அங்கேயே அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். முதல் நாள் பலகையில் படம் போட்டு, “இவன்தான் குவார்ட்டர்பேக். பந்தை எறியறவன். ஆட்டமே இவன்தான்” என்றார்.

“குவாட்டர் இல்லாம நம்மூர்ல எந்த ஆட்டம் சார் நடந்துது?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்க, சம்பத் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் விதிகளைச் சொன்னார். எதிரணியின் குவார்ட்டர்பேக்கைத் தேடிப் போய்ச் சாய்ப்பதுதான் கிருபாகரனின் வேலை. ஆனால் தலையில் இடிக்கக் கூடாது. முட்டிக்குக் கீழே பாயக் கூடாது. சாய்க்கும்போது முழு எடையையும் அவன்மேல் போட்டு விழக் கூடாது. பந்தை எறிந்த பிறகு தொடவே கூடாது.

“அப்போ இன்னாதான் சார் பண்றது? வெத்தல பாக்கு வச்சு கூப்டறதா?” என்று கேட்டான் கிருபாகரன்.

“பந்து கையில இருக்கிற வரைக்கும் அவன் உன் ஆளு. கையை விட்டுப் போயிடுச்சுன்னா அவன் ரோட்ல போற யாரோ. ரோட்ல போறவனைப் போய் இடிப்பியா நீ?”

கிருபாகரன் தலையாட்டினான். புரிந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

முதல் இரண்டு ஆட்டங்களில் அவன் பெயர் மைக்கில் ஓயாமல் ஒலித்தது. அவன் மனைவி அன்பரசி திருப்போரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அங்கே ஊசிக்குக் கை நீட்டியவர்கள்கூட, “உங்க வூட்டுக்காரரா அது?” என்று கேட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் செங்கல்பட்டு அணியோடு. அவர்களின் குவார்ட்டர்பேக் சிவராம், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். திருக்கழுக்குன்றத்துக்காரன். கல்லூரியில் ஈட்டி எறிந்தவன். உடம்பில் சதை கிடையாது. ஆனால் பந்தை எறிந்தால் அது ஆணியடித்தாற்போல் போய்ச் சேரும்.

இரண்டாம் பாதியில் ஒருமுறை, தன்னைத் தடுத்தவனைக் கிருபாகரன் ஒரே உதறலில் ஒதுக்கிவிட்டான். எதிரே யாருமில்லை. சிவராம் மட்டும், கையில் பந்தோடு. கிருபாகரன் ஓடினான். சிவராமின் கை பின்னால் போனது, முன்னால் வந்தது, பந்து கையை விட்டுப் போனது. கிருபாகரன் அதைப் பார்த்தான். கால்தான் நிற்கவில்லை. தோள் நேராக மார்பில் மோதியது. இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள், அவன் மேலே, சிவராம் கீழே. ஹெல்மெட்டின் பின்பக்கம் தரையில் பட்ட சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது.

தப்பாட்டம் என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். சிவராம் தானே எழுந்தான். அப்பாடா என்று கிருபாகரனுக்கு மூச்சு வந்தது. ஆனால் எழுந்தவன் தன் அணியின் பக்கம் போகாமல் மாமல்லை அணியின் பெஞ்சுக்கு நடந்து வந்தான். அங்கே இருந்தவர்களோடு சாவகாசமாக உட்கார்ந்து, “ஆட்டம் எப்போ ஆரம்பிக்கறா?” என்று கேட்டான். அடி தலைக்குள் இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் கிருபாகரனுக்குப் புரிந்தது.

அந்த வாரமே விசாரணை. கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் அறை, நீள மேஜை, சுவரில் பெரிய திரை. வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து கையை விட்டு மிதந்து போகிறது. அதற்குப் பிறகும் கிருபாகரன் ஒரு அடி வைக்கிறான், இன்னொரு அடி வைக்கிறான், தோளைத் தாழ்த்துகிறான். பார்க்க அவனுக்கே கூசியது. வேண்டுமென்றே செய்தவன் மாதிரிதான் தெரிந்தான்.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார்கள்.

“அன்னிக்கு இவ்ளோ மெதுவா ஓடியிருந்தா நான் நின்னிருப்பேன் சார்” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. குழுவில் இருந்த வயதான ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “உன் மேல எங்களுக்குக் கோபம் இல்லப்பா. எறியறவன் கண்ணு எங்கேயோ தூரத்துல இருக்கு. கை மேல இருக்கு. நீ வர்றது அவனுக்குத் தெரியாது, விழுந்தா கையை ஊனக்கூட முடியாது. அதுக்குத்தான் இந்த ரூல்.”

நான்கு ஆட்டங்களுக்கு நீக்கம். அதுவரை சம்பளம் இல்லை. கிருபாகரன் வெளியே வந்து பைக்கின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். கபடியில் ரெய்டு வருகிறவன் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வருவான். நீ பாய்வாய் என்று அவனுக்குத் தெரியும். தன்னைப் பார்க்காதவனைக் கிருபாகரன் கபடியில் பிடித்ததே இல்லை. கூடாது, கூடாது என்று அத்தனை கூடாது சொன்னார்களே, ஏன் என்று ஒருவராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தான். கேட்டிருந்தால் மட்டும் கால் நின்றிருக்குமா என்றும் நினைத்தான்.

மறுபடியும் மைத்துனனோடு கேன் தூக்கப் போனான். அதற்குள் அந்த வீடியோவுக்கு யாரோ லாரி ஹாரன் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார்கள். ஒரு குடியிருப்பின் வாட்ச்மேன் அவனிடமே காட்டி, “அண்ணாத்த, இது நீதானே?” என்று சந்தோஷமாகக் கேட்டார். வீட்டுக்கு வந்தால் அவனே போனை எடுத்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

“போன கீழ வெய்யி” என்றாள் அன்பரசி. “அந்த வீடியோவயே பாத்துகினு இருந்தா இன்னா ஆவும்? அந்தப் புள்ள எப்படிக் கீதுன்னு போய்ப் பாத்தியா?”

“இன்னா மூஞ்ச வச்சிகினு போறது?”

“கீற மூஞ்ச வச்சிகினுதான். வேற மூஞ்சி கடையில விக்குதா?”

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் முடிந்ததும் அவன் திருக்கழுக்குன்றம் போனான். கதவைத் திறந்தது சிவராமின் அம்மா ரமா. அவன் பெயரைச் சொன்னான். எந்த ஆட்டம் என்பதையும் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

உள்ளே ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் சிவராமுக்குத் தலை பிளந்துபோகிறதாம். கட்டிலில் சாய்ந்திருந்தவன் இவனைப் பார்த்துச் சிரித்தான்.

“நீங்கதானா? முகம் தெரியலை. ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோமே.”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பைக் கிருபாகரன் ஆரம்பித்தான். சிவராம் கையைக் காட்டி நிறுத்தினான்.

“எனக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லை. காலையில பஸ் ஏறினேன். அப்புறம் ஆஸ்பத்திரி சீலிங் ஃபேன். வீடியோ பார்க்கலாம்னா ஸ்க்ரீன் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஊருக்கே தெரியறது, எனக்குத்தான் தெரியலை. நீங்க சொல்லுங்களேன். எப்படி அடிச்சீங்க?”

கிருபாகரன் இதற்குத் தயாராக வரவில்லை. ஆனாலும் சொன்னான். தடுத்தவனை ஒதுக்கியது, ஓடியது, கை பின்னால் போனது, எல்லாம்.

“பந்து போனது பாத்தேன் சார்.”

“பார்த்தீங்களா?”

“பாத்தேன். கால் நிக்கல.”

“கால் நிக்கலைன்னா?” ரமாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கிருபாகரன் திரும்பினான். “சின்ன வயசுலேந்து புடிச்சா வுடாதன்னுதாம்மா சொல்லிக் குடுத்தாங்க. வுடறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”

பிறகு சிவராம்தான் கேட்டான்: “அந்தப் பந்து என்ன ஆச்சு?”

“இன்னா சார்?”

“நான் எறிஞ்சேனே, அந்த பாஸ். எங்க டீம்ல பிடிச்சாளா?”

“புடிச்சாங்க சார். சூப்பர் த்ரோ. நேரா மார்ல போய் வுழுந்துது.”

சிவராமின் முகம் மலர்ந்தது. அத்தனை நாளில் அதை யாருமே அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

“அதுதான் இப்போ ரொம்ப முக்கியமா?” என்றாள் ரமா. கிருபாகரன் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வரி படிச்சா தலையைப் பிடிச்சுக்கறான். பரீட்சைப் பேப்பர் திருத்த முடியலை. என் கையைப் பிடிச்சுண்டு பாத்ரூம் போறான். சிரிக்கறானேன்னு பார்க்காதீங்கோ. அதையும் தெரிஞ்சுண்டு போங்கோ.”

“தெரிஞ்சிகினேன்மா” என்றான் கிருபாகரன். அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

தண்டனை முடிந்து அவன் இறங்கிய முதல் ஆட்டத்தில் மறுபடியும் அதே மாதிரி ஒரு திறப்பு கிடைத்தது. எதிரே குவார்ட்டர்பேக் மட்டும். அவன் கை பின்னால் போனது, முன்னால் வந்தது. கிருபாகரன் நின்றான். புழுதி பறக்க, இரண்டு காலையும் ஊன்றி நின்றேவிட்டான். பந்து போகவில்லை. எறிகிற மாதிரி பாவனை காட்டியவன், நின்றவனைச் சுற்றிக்கொண்டு ஓடி, மாமல்லையின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். மாமல்லை தோற்றது.

“உன்னை யார் நிக்கச் சொன்னது?” என்று கத்தினார் சம்பத்.

“நீங்கதான் சார்.”

மற்றவர்கள் அவனோடு பேசாமல் பஸ் ஏறினார்கள்.

மறுநாள் சம்பத்தே போன் செய்து அவனைச் சீக்கிரம் வரச் சொன்னார். கத்தியதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அமெரிக்காவில் இதே பிரச்சினையில் தடுமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு வழி உண்டு என்றார். நிற்க முடியாவிட்டால் நிற்காதே. தோளால் இடிக்காமல் கைகளால் இடுப்பைச் சுற்றிக்கொள். விழும்போது திரும்பு. நீ கீழே போ, அவன் உன்மேல் விழட்டும். கிருபாகரனுக்குப் பாதி புரிந்தது. கபடியில் இடுப்புப் பிடி உண்டு. கீழே போகிற வழக்கம்தான் இல்லை.

நெம்மேலிக் கடற்கரை மணலில், நிரம்பிய தண்ணீர் கேனை இடுப்பென்று கட்டிப்பிடித்து அவன் உருண்டு பழகினான். கேன் வயிற்றில் விழுந்து ‘ஹக்’ என்று சத்தம் வரும்போதெல்லாம் அன்பரசி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கேனுக்கு அடி படல. உனக்குத்தான் பட்டுது. கரெக்டாதான் பண்றே, பண்ணு.”

கடைசி ஆட்டம் செங்கல்பட்டு அணியோடு வந்தது. சிவராமின் இடத்தில் ஒரு புதுப் பையன். கிருபாகரன் அவனை நெருங்கியபோது பந்து கையில் இருந்ததா, போய்விட்டதா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது. கை தானாகச் சுற்றியது, உடம்பு திரும்பியது. முதுகு தரையில் அறைந்தது, அந்தப் பையன் முழு எடையோடு அவன் விலாவில் விழுந்தான். கிருபாகரன் மூச்சுக்குத் திணறிக்கொண்டே நடுவரைப் பார்த்தான். மஞ்சள் துணி வெளியே வரவில்லை. பையன் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, “தேங்க்ஸ்ணா” என்று சொல்லிவிட்டு ஓடினான். கிருபாகரனுக்கு விலாவில் ஒரு எலும்பு விண்டிருந்தது. அந்த ஆட்டத்திலும் மாமல்லை தோற்றது.

லீக் அந்த ஒரு வருஷத்தோடு சரி. விளம்பரதாரர்கள் விலகிவிட்டார்கள், அணிகள் கலைந்தன. கிருபாகரன் மைத்துனனிடமிருந்து லோடு ஆட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். எலும்பு கூடிய பிறகு அச்சரப்பாக்கத்தில் ஒரு கபடிப் போட்டிக்குப் போனான். பிடித்தான், விடவில்லை. ஆனால் பிடிபட்டவன் எழுந்து நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றான். கார்னருக்கு இன்னா ஆச்சு என்று அதைப் பற்றிச் சிலர் கிண்டலடித்தார்கள்.

சிவராம் இனி ஆடக் கூடாது, இன்னொரு அடி தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து ஒரு மாலை அவனிடமிருந்து போன் வந்தது. முதல்முறையாக அன்றைக்கு ஒரு முழு பீரியட் நின்று பாடம் எடுத்தானாம். பையன்கள் சத்தம் போட்டும் தலை வலிக்கவில்லையாம். கிருபாகரன் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டான். வீட்டுக்கு வந்ததும் அன்பரசியிடம் சொன்னான்.

“அவங்க அம்மா இன்னா சொன்னாங்க?” என்றாள்.

“எங்கிட்ட ஒண்ணும் பேசல. பின்னால நின்னுகினு, ‘போதும், பேசினது போதும், போனை வை’ன்னு கத்திகினு இருந்தாங்க.”

“இன்னும் கோவமாத்தான் கீறாங்க.”

“இருக்கட்டும்” என்றான் கிருபாகரன். “அவங்க புள்ள.”