விழாத அடி

ஆஸ்பெர்ட் குவாஷிக்கு அறுபத்திரண்டாவது வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் போயிற்று. மனைவி வெர்லினின் பெயர்கூட அவர் நாக்கில் ஏறவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைத் தட்டுவார். ஆனால் சிறுவயதில் பள்ளிப் புத்தகத்தில் படித்த ரோமாபுரி நாடக வசனங்கள் மட்டும் ஒரு சொல் குறையாமல் வந்தன.

எங்கள் தீவுத் திருவிழா வேஷத்தில் அவர் வடக்கூரின் ராஜா. நான் தெற்கூரின் ராஜா. நாற்பது நாள் நோன்புக்கு முந்தின கார்னிவல் செவ்வாயன்று இரண்டு ஊர்களும் நாற்சந்தியில் மோதும். நான் ஒரு வசனத்தைக் கேட்பேன், அவர் சொல்ல வேண்டும். பிறகு அவர் கேட்பார். ஒரு சொல் பிசகினால் தலையிலிருந்து முதுகுவரை தொங்கும் கவசத்தின் மேல் சவுக்கு இறங்கும். சிமெண்ட் மூட்டைக் காகிதமும் ஆலவேரும் வைத்துத் தைத்த கவசம் பாதி அடியைத்தான் தாங்கும். அடிக்காமல் விடுவது குழந்தைகளையும் வெளியூர்க்காரர்களையும் மட்டுந்தான்.

லண்டனில் பத்தொன்பது வருடம் பஸ் கழுவினார் ஆஸ்பெர்ட். அங்கே மேஸ்திரி வேறு யாருடைய பெயரையோ சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவானாம். இவரும் திருத்தியதில்லை. தீவுக்குத் திரும்பிய மூன்றாம் வருடம் வடக்கூர் அவரை ராஜாவாக்கியது. பிறகு பதினோரு வருடம் அவரை யாராலும் வெல்ல முடியவில்லை. என் முதுகில் உள்ள தழும்புகளில் பெரும்பாலானவை அவருடையவை.

பக்கவாதம் வந்த அந்த வருடம் கார்னிவலுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் வெர்லின் என்னிடம் வந்தாள்.

"தம்பி, அவரு வேஷம் கட்டப் போறாரு. தலையில ஒரு அடி விழுந்தா ஆளே இருக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வீட்டுலயே வெச்சுக்கக்கா."

"வெச்சா? சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. அந்த வசனம் ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். நீ அடிச்சுராதே லின்ஃபோர்ட்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாயன்று கம்பிவலை முகமூடியும் கணுக்கால் மணிகளுமாக வந்தார். சவுக்கு இடது கையில் இருந்தது. நான் கேட்ட முதல் இரண்டும் கடினமானவை. மழை மாதிரிப் பொழிந்தார். வடக்கூர்ப் பெண்கள் ஆடிக்கொண்டே கத்தினார்கள்:

"தெற்கூரானே, உங்க ராஜாவைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடு!"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதிப்படி மூன்று கேட்டாக வேண்டும். பிசகவே முடியாததாக ஒன்றைத் தேடினேன். பிணத்தின் முன் நண்பன் பேசுகிற பேச்சு. தீவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதைத்தான் கேட்டேன்.

பாதி வரை வந்தார். நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறை வாய் மட்டும் அசைந்தது.

பிறகு குனிந்து தலையைக் கொடுத்தார்.

அவருடைய ஊர்க்காரர்களே கத்தினார்கள்: "அடிடா! எங்க ராஜாடா அது, சின்னப்பிள்ளை இல்ல! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

கூட்டத்தில் வெர்லின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஓங்கிய சவுக்கைக் கீழே இறக்கினேன். விட்டுப்போன வரியை நானே சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அடிக்காகக் காத்திருந்தார். யாரோ ஒரு வடக்கூரான் வந்து, குருடனை நடத்திப் போவதுபோல் அவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

நாற்பது நாள் நோன்பின் முதல் வாரத்தில் வெர்லின் ஒரு கிண்ணம் துவரைச் சோறு கொண்டுவந்தாள்.

"உன்னால உசிரோட இருக்காரு தம்பி. கடவுள் உன்னை நல்லா வெக்கட்டும்."

"வசனம் சொல்றாராக்கா?"

அவள் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"இல்ல. திங்கறதுக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கறாரு."