கழற்றும் நேரம்

துணி தைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டோம். தோள் சரியாக உட்கார்ந்ததா, காலர் நிமிர்ந்து நிற்கிறதா, அவ்வளவுதான். கழற்றுவது போட்டவர் பாடு. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்ளும் எனக்கும் அந்த வியாதி நன்றாகவே பிடித்திருந்தது.

அப்போதுதான் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கான ஆர்டர் வந்தது. அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன்பே அந்த நாடு தயாராக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து நிதி கொடுத்திருந்தன. அதில் ஒரு பங்கு, நர்சுகள் போட்டுக்கொள்ளும் தலை முதல் கால் வரை மூடிய சூட்டுகளுக்கு. கொரோனா காலத்தில் அதைத் தைத்துக் கை பழகியவர்கள் நாங்கள். அந்த நிதிக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அதற்குள் சரக்கு கப்பல் ஏறாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், அவர்களுக்குச் சூட்டும் இல்லை.

வராத நோய்க்கு யாராவது பணம் கொடுப்பார்களா என்று சந்தாபுரா வீட்டில் என் வீட்டுக்காரர் கேட்டார். மழையில் நனைந்த பிறகுதான் குடை வாங்கக் கிளம்புவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். போன மழைக்கு அவர் செய்தது அதைத்தான்.

சரக்கைப் பார்த்து ஒப்புக்கொள்ள அந்த நாட்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். என் வயதுதான் இருக்கும். எங்கள் கேண்டீன் பிசிபேளே பாத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கன்னடக்காரரான எங்கள் மேனேஜர் மட்டும், ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு’ என்று என்னிடம் தனியாகச் சொல்லி வைத்தார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நான் சூட்டை எடுத்துக் காட்டினேன். முகவாய்க்குக் கீழே ஜிப்பை மூடும் பட்டைதான் எங்கள் பெருமை. ஒட்டினால் ஒட்டியதுதான், பிய்த்துப் பாருங்கள் என்று சவால் விட்டேன். அவர் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னையே போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏதாவது கலர் பொடி கிடைக்குமா என்று கேட்டார். தையல் லைனுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்குக் கீழே குங்குமம் இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்து என் கையுறைகளிலும் நெஞ்சிலும் பூசிவிட்டு, இப்போது கழற்றுங்கள் என்றார்.

பட்டை வரவில்லை. ஒரு கையால் முடியாமல் இரண்டு கையாலும் கழுத்தருகே பிறாண்டினேன். கடைசியில் பிய்த்து வெளியே வந்ததும் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். கழுத்தெல்லாம் சிவப்பு, தாடை வரை ஒரு கோடு. சாமி வந்து ஆடியவள் மாதிரி இருக்கிறேன் என்று லைனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முன்பு நோய் பரவியபோது அவருடைய சிநேகிதி ஒருத்தி அவருடன் அதே வார்டில் வேலை பார்த்தாளாம். அவள் செத்துப்போனது நோயாளி பக்கத்தில் நின்றதால் இல்லை. ஷிப்ட் முடிந்து, வேர்வையில் நனைந்து, எப்போது வெளியே வருவோம் என்ற அவசரத்தில் சூட்டைக் கழற்றியபோது தொற்றிக்கொண்டது. போட்டிருந்த வரைக்கும் நாங்கள் பத்திரமாகத்தான் இருந்தோம் என்றார். எனக்கு அந்தப் பட்டையின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

பட்டையை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. அதன் அளவு, ஒட்டுப்பசை எல்லாம் நிதி கொடுத்தவர்களின் அலுவலகம் எழுதிக் கொடுத்தது. சாயந்திரம் வீடியோ காலில் அந்த அதிகாரி வந்தார். ஏதோ குளிர் ஊர், கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். துணி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது, இப்போது மாற்றினால் தேதி தாண்டிவிடும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, தேதி அவரை நெருக்கியது. நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றால் அவர் ஊரில் ஒரு சூட்டும் இருக்காது, சரி என்றால் இந்தப் பட்டைதான். இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் எழுந்து இன்னொரு சூட்டைப் போட்டுக்கொண்டேன். கேமரா முன்னாலேயே குங்குமத்தைப் பூசிக் கழற்றி, கழுத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“சார், இது குங்குமம். நான் வீட்டுக்குப் போய்க் கழுவிடுவேன். அங்க இவங்க எதைப் போட்டுக் கழுவுவாங்க?”

என் இங்கிலீஷில்தான் சொன்னேன். அன்றைக்கு அதில் தப்புக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி வாயைத் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன். பட்டை ஒட்டுவது கடைசி வேலை, தைத்ததைப் பிரிக்க வேண்டாம், துணியும் மாறாது, தையலும் மாறாது. பட்டையின் மேல் முனையோடும் ஜிப் கொக்கியோடும் சேர்த்து, ஒட்டாத துணி நாக்கு ஒன்றை ஆரஞ்சு நிறத்தில் நெஞ்சு வரை தொங்கவிடுவேன். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் பட்டையும் ஜிப்பும் சேர்ந்து வரும், கை கழுத்துப் பக்கமே போகாது. தேதிக்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மேனேஜர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார், வாழ்த்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் காலையில் முதல் ஆளாக வந்து ஆரஞ்சுத் துணியைத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான்.

முதலில் வைத்த நாக்கு குட்டை. அடுத்தது நீண்டுபோய்க் கையுறையில் சிக்கியது. அதற்கடுத்ததை நர்ஸே போட்டுக்கொண்டு, குங்குமத்தை அள்ளிப் பூசி, ஒரே இழுப்பில் கழற்றினார். கழுத்து துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடியைப் பார்த்தும் நம்பாமல் உள்ளங்கையால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிங் டேபிளில் உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் மெஷின் ஓட்டினோம், இரட்டைச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான். தேதிக்கு முன்பே கப்பல் ஏறியது.

மழைக்காலம் வந்தபோது அந்த நாட்டில் மறுபடியும் நோய் என்று செய்தியில் கீழே ஒரு வரி ஓடியது. உடனே நர்ஸுக்கு மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. நாட்கள் போயின. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் போனையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

சிவாஜிநகரில் லைனிங் துணிக்காக அலைந்துகொண்டிருந்தபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் குரல் களைத்திருந்தது. இன்றைக்கு ஷிப்ட் முடிந்தது என்றார், கழற்றிவிட்டேன் என்றார், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றார். அவர் மெல்லும் சத்தம்கூடக் கேட்டது.